கூப்பிடாமல் வந்த ஒன்டிரைவ்: வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புது லேப்டாப் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களில் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். ஒன்டிரைவ் என்பது உங்கள் ஃபைல்களை இன்டர்நெட் வழியாக மைக்ரோசாஃப்டின் சர்வரில் வைக்கிற சேவை; அந்தச் சர்வரைத்தான் ‘மேகம்’ (கிளவுட்) என்கிறோம். பதில்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கு. விண்டோஸ் 10-இலும் ஏறக்குறைய இதே வழிதான். மெனுப் பெயர்கள் உங்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே அதே உச்சரிப்பில் தமிழில் தந்திருக்கிறோம். முழுதாகப் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள்: ஒன்டிரைவை அன்இன்ஸ்டால் செய்வது கடைசி வேலை. அதை முதலில் செய்தவர்கள்தான் போட்டோக்களைத் தேடி அலைகிறார்கள்.

நான் எதையும் ஆன் செய்யவில்லை. டெஸ்க்டாப்பில் இருக்கிற ஃபைல்களில் மேகக் குறி எப்படி வந்தது?

லேப்டாப்பை முதன்முதலாகத் திறந்தபோது மைக்ரோசாஃப்ட் ஐடி கேட்டிருக்கும். அதைக் கொடுத்த நேரத்திலேயே ஒன்டிரைவும் உள்ளே வந்துவிட்டது. இப்போதைய விண்டோஸ் 11-இல் இன்டர்நெட்டோடு செட்டப் செய்தால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று ஃபோல்டர்களையும் தனியாகக் கேட்காமலே ‘பேக்கப்’ என்று எடுத்துக்கொள்கிறது.

பெயர்தான் பேக்கப். நடப்பது இடமாற்றம். சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டாப் என்று இருந்த பாதை, நடுவில் ஒன்டிரைவ் என்ற ஃபோல்டரை நுழைத்துக்கொள்கிறது. திரையில் பார்க்க ஒரு மாற்றமும் தெரியாது. டெஸ்க்டாப் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ் போய், லொக்கேஷன் பாருங்கள். அந்தப் பாதையில் ஒன்டிரைவ் என்ற பெயர் இருந்தால் உங்கள் ஃபோல்டர் இடம் மாறிவிட்டது என்று பொருள். மேகத்தில் சேமிப்பதில் தப்பில்லை. கேட்காமல் அடிமடியில் கை வைத்ததுதான் தப்பு.

மேகம், பச்சை டிக் என்று விதவிதமாக இருக்கிறதே, என்ன வித்தியாசம்?

நீலக் கோட்டு மேகம் என்றால் ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. பெயர் மட்டும் இங்கே, சரக்கு சர்வரில். வெள்ளை வட்டத்துக்குள் பச்சை டிக் என்றால் இப்போது இங்கே இருக்கிறது, ஆனால் இடம் போதாவிட்டால் விண்டோஸ் அதைத் திரும்பவும் மேகத்துக்கு மட்டும் ஆக்கிவிடலாம். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் இருந்தால்தான் எப்போதும் உங்கள் வட்டில் (ஹார்டு டிஸ்கில்) இருக்கும்.

கரண்ட் போனால் வைஃபையும் போய்விடுகிறது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தும் மகளின் சர்டிபிகேட் ஸ்கேன் திறக்கவில்லை. ஃபைல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அது நீல மேக ஃபைல். மோடம் அணைந்ததும் எடுக்க வழியில்லை. பென்னாகரம், அஞ்செட்டி மாதிரி சிக்னல் வந்து வந்து போகிற ஊர்களில் இது இன்னும் அடிக்கடி நடக்கும். நெட் வந்ததும் அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், கவுன்சலிங் என்று கடைசி நாளில் ஓடுகிறவர்கள் போட்டோ, கையெழுத்து, மதிப்பெண் பட்டியல் மூன்றையும் டி டிரைவில் ஒரு நகல், பென் டிரைவில் ஒரு நகல் என்று வைத்துக்கொள்வது நல்லது.

சரி, முழுதாக நிறுத்த வேண்டும். எந்த வரிசையில் செய்வது?

நெட் நன்றாக இருக்கிற நேரம் பார்த்து, லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஐந்து கட்டம். ஒன்று முடியாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது.

1. எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இடதுபக்கம் இருக்கும் ஒன்டிரைவ் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுங்கள். சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று முன்னதாகவே பாருங்கள். இறங்கி முடிந்ததா என்பதற்குக் குறியை மட்டும் நம்ப வேண்டாம். அதே ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸில் ‘சைஸ்’, ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்று இரண்டு எண்கள் வரும். இரண்டாவது எண் ரொம்பக் குறைவாக இருந்தால் இன்னும் மேகத்தில் பாக்கி இருக்கிறது. ‘பர்சனல் வால்ட்’ (ஒன்டிரைவுக்குள் தனிப் பூட்டு போட்ட ஃபோல்டர்) பயன்படுத்தியிருந்தால் அதைத் தனியாகத் திறந்து, உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள். பூட்டியிருக்கும் வால்ட் இந்தக் கட்டளைக்கு மசியாது.

2. பேக்கப்பை நிறுத்துங்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேகத்தைக் கிளிக் செய்யுங்கள். தெரியாவிட்டால் மேல்நோக்கிய சின்ன அம்புக்குள் ஒளிந்திருக்கும். பல்சக்கரக் குறி, செட்டிங்ஸ், ‘சிங்க் அண்ட் பேக்கப்’, ‘மேனேஜ் பேக்கப்’. அங்கே டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஒவ்வொன்றையும் ஆஃப் செய்து ‘ஸ்டாப் பேக்கப்’ கொடுங்கள். சில புதிய பதிப்புகளில் ஃபைல்கள் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்கும். கேட்டால் ‘ஒன்லி ஆன் மை பிசி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், அடுத்த கட்டத்தின் வேலை பாதி குறையும்.

3. ஃபைல்களை வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். பேக்கப்பை நிறுத்தியதும் பலர் பதறுவது இங்கேதான்: டெஸ்க்டாப் வெறிச்சென்று இருக்கும். ‘வேர் ஆர் மை ஃபைல்ஸ்’ என்று ஒரு ஷார்ட்கட் மட்டும் கிடக்கும். ஒன்றும் அழியவில்லை, எல்லாம் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப்பில் இருக்கின்றன. அங்கிருந்து காப்பி செய்து, உண்மையான டெஸ்க்டாப்பில் பேஸ்ட் செய்யுங்கள். கட் வேண்டாம், காப்பி. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸுக்கும் இதே வேலை. முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிட்டு, நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.

4. இணைப்பை அறுங்கள். அதே செட்டிங்ஸில் அக்கவுண்ட், ‘அன்லிங்க் திஸ் பிசி’. இதற்குப் பிறகு இங்கே செய்வது மேகத்தைப் பாதிக்காது.

5. இப்போது அன்இன்ஸ்டால். செட்டிங்ஸ், ஆப்ஸ், ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’, மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவ், மூன்று புள்ளி, அன்இன்ஸ்டால்.

மேகத்தில் இருக்கும் நகலை உடனே அழிக்க வேண்டாம். ஒரு மாதம் கிடக்கட்டும். விட்டுப்போன ஃபைல் ஏதாவது இருந்தால் அதற்குள் ஞாபகம் வந்துவிடும்.

அவசரப்பட்டு முதலிலேயே அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன். ‘கிளவுட் ஃபைல் புரொவைடர் இஸ் நாட் ரன்னிங்’ என்று வருகிறது.

சரக்கு சர்வரில் இருக்கிறது, கொண்டுவந்து கொடுக்கிற ஆளை நீங்கள் வேலையை விட்டு அனுப்பிவிட்டீர்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஒன்டிரைவை மறுபடி இறக்கி, அதே ஐடியில் உள்ளே போங்கள். பிறகு மேலே சொன்ன முதல் கட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். மறுபடி போட மனமில்லை என்றால், பிரவுசரில் ஒன்டிரைவ் தளத்தைத் திறந்து, ஃபோல்டர்களை அங்கிருந்தே டவுன்லோடு செய்யலாம்; ஜிப் ஃபைலாக வரும்.

டாக்குமென்ட்ஸ் இன்னும் பழைய பாதையையே காட்டினால், அதன் ப்ராப்பர்டீஸில் லொக்கேஷன் போய் ‘ரீஸ்டோர் டிஃபால்ட்’, ‘அப்ளை’ கொடுங்கள். ஃபைல்களையும் நகர்த்தவா என்று கேட்கும், யெஸ் சொல்லுங்கள்.

லேப்டாப்பில் இடம் வேண்டுமென்று ஒன்டிரைவ் ஃபோல்டரில் கல்யாண போட்டோக்களை அழித்தேன். மேகத்தில் இருக்கும் என்று நினைத்தேன். அங்கேயும் காணோம்!

சிங்க், அதாவது லேப்டாப்பையும் மேகத்தையும் ஒரே மாதிரி வைப்பது, முகம் பார்க்கும் கண்ணாடி. இந்தப் பக்கம் பொட்டை அழித்தால் அந்தப் பக்கமும் அழியும். உடனே பிரவுசரில் ஒன்டிரைவ் தளத்தைத் திறந்து, இடதுபக்கம் ரீசைக்கிள் பின் பாருங்கள். சொந்த ஐடிகளில் அழித்தவை 30 நாள் இருக்கும். அந்தப் பின் ரொம்ப நிரம்பிவிட்டால் பழையவை அதற்கு முன்பே போய்விடலாம், ஆகவே தள்ளிப்போட வேண்டாம். ஃபைல் உங்கள் வட்டிலும் இருந்திருந்தால் விண்டோஸின் ரீசைக்கிள் பின்னிலும் கிடக்கலாம். நீல மேக ஃபைல் அங்கே வராது.

இடம் மட்டும்தான் பிரச்சினை என்றால் அழிக்கத் தேவையே இல்லை. ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுத்தால் வட்டில் இருக்கும் நகல் மட்டும் போகும்.

‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று தினமும் வருகிறது. அதோடு அவுட்லுக் மெயிலும் நின்றுவிட்டது. காசு கட்டியே ஆக வேண்டுமா?

வேண்டாம். இலவச அளவு 5 ஜிபி. 2016-க்கு முன் 15 ஜிபி கொடுத்தார்கள், பிறகு குறைத்துவிட்டார்கள். ஸ்டுடியோவில் கொடுத்த கல்யாண ஆல்பம் பென் டிரைவை டெஸ்க்டாப்பில் ஒருமுறை காப்பி செய்தால் 5 ஜிபி அன்றைக்கே தீர்ந்துவிடும். 2023 முதல் அவுட்லுக் மெயிலில் வருகிற இணைப்புகளும் இதே கணக்கில் சேர்கின்றன. நிரம்பி வழிந்தால் மெயில் அனுப்பவும் முடியாது, வாங்கவும் முடியாது. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு பதிலுக்குக் காத்திருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஐந்து கட்டத்தில் முதல் மூன்றை முடித்து, நான்காவதில் இணைப்பையும் அறுத்த பிறகு, பிரவுசரில் ஒன்டிரைவ் தளத்துக்குப் போய் பெரிய வீடியோக்களை மட்டும் அழியுங்கள். அளவு இறங்கியதும் மெயில் வர ஆரம்பிக்கும். இதற்கு மட்டும் ஒரு மாதம் காத்திருக்க முடியாது, ஆகவே அழிப்பதற்கு முன் அந்த வீடியோக்கள் வேறொரு வட்டிலும் இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

போன் ஹாட்ஸ்பாட்டில்தான் நெட் எடுக்கிறோம். காலை பத்து மணிக்கே டேட்டா தீர்ந்துவிடுகிறது. இதுதான் காரணமா?

பெரும்பாலும் ஆம். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பிளான். பின்னால் ஒன்டிரைவ் 5 ஜிபியை ஏற்றிக்கொண்டிருக்கிறது. ஏற்றும் வேகம் 2 எம்பிபிஎஸ் என்றால் 5 ஜிபி ஏற ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை மற்ற எல்லாமே நத்தை வேகம்தான்.

செட்டிங்ஸ், ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, வைஃபை, உங்கள் ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்டீஸ், அங்கே ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்பதை ஆன் செய்யுங்கள். ஒன்டிரைவ் தானாக நின்றுகொள்ளும், விண்டோஸ் அப்டேட்டும் அடங்கும். ஒன்டிரைவ் வேண்டும், ஆனால் மெதுவாகப் போகட்டும் என்பவர்கள் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் ‘சிங்க் அண்ட் பேக்கப்’, ‘அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’ போய் அப்லோடு வேகத்துக்கு வரம்பு வைக்கலாம்.

கடையிலேயே செட்டப் செய்து கொடுத்தார்கள். யாருடைய ஐடி போட்டார்கள் என்று தெரியவில்லை.

இதைத்தான் நாங்கள் எல்லாவற்றையும் விட முக்கியம் என்போம். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், ‘யுவர் இன்ஃபோ’ பாருங்கள். அங்கே தெரிகிற மெயில் முகவரி உங்களுடையது இல்லை என்றால், நீங்கள் டெஸ்க்டாப்பில் வைக்கிற ஆதார் நகல், பட்டா, பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் முன்பின் தெரியாதவர் கணக்கில் போய்ச் சேர்கின்றன. கடைக்காரர் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஐடியைப் பத்து லேப்டாப்புக்குப் போட்டு வேலையை முடிப்பது அவர்களுக்குச் சுலபம்.

முதலில் நெட்டைத் துண்டித்து, வட்டில் இருக்கும் ஃபைல்களை ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி எடுங்கள். நீல மேகக் குறியோடு இருப்பவற்றை மட்டும் நெட் போட்டு இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு அக்கவுண்ட்ஸில் ‘அதர் யூசர்ஸ்’, ‘ஆட் அக்கவுண்ட்’, ‘ஐ டோன்ட் ஹேவ் திஸ் பர்சன்ஸ் சைன்-இன் இன்ஃபர்மேஷன்’, அடுத்து ‘ஆட் எ யூசர் வித்அவுட் எ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்’. புது யூசரை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். அதில் நுழைந்து எல்லாம் சரி என்று பார்த்த பிறகே பழைய யூசரை நீக்க வேண்டும். நீக்கும் முன், கடைசிக்கு முந்தின கேள்வியில் ரெக்கவரி கீ (வட்டின் பூட்டைத் திறக்கும் எண்) பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்துவிடுங்கள். இந்த விஷயத்தில் அந்தச் சாவியும் கடைக்காரர் கணக்கில்தான் இருக்கும். மேகத்தில் ஏற்கெனவே போய்விட்டவற்றை அழித்துத் தரச் சொல்லி அவரிடம் கேட்பதில் தப்பே இல்லை. அவர் திறந்து அழிப்பதை நேரில் நின்று பாருங்கள்.

அண்ணன் ஓசூரில் வேலை பார்க்கிறார், நான் காவேரிப்பட்டணத்தில். இருவர் லேப்டாப்பிலும் ஒரே ஐடி. அவர் அழித்தது என்னிடமும் காணாமல் போகிறது.

ஒரே ஐடியில் இரண்டு லேப்டாப்பும் டெஸ்க்டாப்பை பேக்கப் செய்தால் இரண்டு டெஸ்க்டாப்பும் ஒன்றாகக் கலந்துவிடும். அவருடைய ஷார்ட்கட்கள் உங்களிடம் ‘காப்பி’ என்ற வாலோடு வந்து நிற்கும். ஆளுக்கொரு ஐடி வைத்துக்கொள்ளுங்கள். பகிர வேண்டிய ஃபோல்டரை மட்டும் ஷேர் செய்தால் போதும்.

வேர்டில் சேவ் செய்தால் நேராக ஒன்டிரைவுக்கே போகிறது.

ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் போய் ‘சேவ் டு கம்ப்யூட்டர் பை டிஃபால்ட்’ என்பதில் டிக் வையுங்கள். புதிய ஃபைலைத் தானாக மேகத்தில் உருவாக்கும் தேர்வு அதே பக்கத்தில் இருந்தால் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். சுருக்கு வழி: எஃப்12 அழுத்தினால் பழைய மாதிரி ‘சேவ் ஆஸ்’ பெட்டி வரும். எக்செல், பவர்பாயின்ட்டிலும் இதே.

டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) டேட்டாவை டாக்குமென்ட்ஸில் வைத்திருக்கிறோம். மாம்பழ சீசனில் பில் போடும்போது ஃபைல் எரர் வருகிறது.

உடனே வெளியே எடுங்கள். டேலி ஒரே நேரத்தில் பல ஃபைல்களைத் திறந்துவைத்து எழுதுகிறது. நடுவில் ஒன்டிரைவ் அவற்றைப் படித்து மேலே ஏற்றப் பார்க்கிறது. இரண்டும் மோதினால் ஃபைல் லாக் ஆகும், அல்லது கம்ப்யூட்டர் பெயரை வாலாக ஒட்டிக்கொண்டு இன்னொரு நகல் முளைக்கும். எது சரியான கணக்கு என்று பிறகு ஆடிட்டருக்கே தெரியாது. டேலியை மூடிவிட்டு, டேட்டா ஃபோல்டரை டி டிரைவுக்குக் காப்பி செய்து, டேலியில் புதுப் பாதையைக் கொடுங்கள். மேகத்தில் நகல் வேண்டுமென்றால் டேலியின் சொந்த பேக்கப்பை எடுத்து, அந்த ஒரு ஃபைலை மட்டும் ஏற்றுங்கள். ஓடுகிற டேட்டாவை அல்ல.

எல்லாம் நிறுத்திய பிறகும் ‘பேக்கப் செய்யுங்கள்’ என்று நச்சரிக்கிறதே?

மூன்று இடத்தில் அணைக்க வேண்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் அடியில் ‘அடிஷனல் செட்டிங்ஸ்’; அங்கே இருக்கிற டிக் எல்லாவற்றையும் எடுங்கள். பர்சனலைசேஷன், ஸ்டார்ட் பக்கத்தில் அக்கவுண்ட் தொடர்பான அறிவிப்பை ஆஃப் செய்யுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஆப்ஷன்ஸில் வியூ பகுதியில் ‘ஷோ சிங்க் புரொவைடர் நோட்டிஃபிகேஷன்ஸ்’ டிக்கையும் எடுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு நீலத்திரை வந்து ‘செட்டப்பை முடிக்கலாமா’ என்று கேட்டால், அவசரமாக நெக்ஸ்ட் அழுத்தாமல், சின்ன எழுத்தில் இருக்கும் ‘ஸ்கிப்’ எங்கே என்று தேடுங்கள். பாதிப் பேர் மறுபடி மாட்டுவது அந்தத் திரையில்தான்.

கல்லூரி ஐடி கொடுத்து வேர்டு பயன்படுத்துகிறேன். இப்போது இரண்டு மேகம் தெரிகிறது.

நீல மேகம் கல்லூரி அல்லது கம்பெனியுடையது, வெளிர்நிறம் உங்கள் சொந்தம். கல்லூரி ஐடியை முடக்கினால் அந்த மேகத்தில் இருப்பதும் உங்கள் கையைவிட்டுப் போகும். புராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கடைசி செமஸ்டருக்கு முன்பே சொந்த வட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஐடி கொடுக்கும்போது ‘அலவ் மை ஆர்கனைசேஷன் டு மேனேஜ் மை டிவைஸ்’ என்று கேட்டால் ஒத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஆப்புக்கு மட்டும் என்ற தேர்வு கீழே இருக்கும்.

கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸுக்கும் இதே கதையா?

கொஞ்சம் மேல். அவை பெரும்பாலும் நீங்கள் போட்டால்தான் வரும். சில லேப்டாப்பில் டிராப்பாக்ஸ் விளம்பர ஷார்ட்கட் இருக்கும், அதை அன்இன்ஸ்டால் செய்தால் தீர்ந்தது. கூகுளின் 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதில்தான் சேர்கிறது. ஆகவே வீட்டில் ஜிமெயில் நிரம்பினால் முதலில் வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்கும் தேர்வை ஆஃப் செய்யுங்கள். கூகுள் போட்டோஸ் ஆப்பில் படத்தை அழித்தால் போனிலும் மேகத்திலும் சேர்ந்தே போகும் என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

மைக்ரோசாஃப்ட் ஐடியே வேண்டாம் என்று லோக்கல் அக்கவுண்டுக்கு (இந்த லேப்டாப்பில் மட்டும் இருக்கும் கணக்குக்கு) மாறலாமா?

மாறலாம். அக்கவுண்ட்ஸ், ‘யுவர் இன்ஃபோ’, ‘சைன் இன் வித் எ லோக்கல் அக்கவுண்ட் இன்ஸ்டெட்’. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை கட்டாயம். பல புது லேப்டாப்புகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதன் 48 இலக்க ரெக்கவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கின் தளத்தில் டிவைசஸ் பகுதியில் அதைப் பார்த்து, தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். மதர்போர்டு மாற்றினாலோ பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தாலோ அந்த எண்ணைக் கேட்கலாம். இல்லாவிட்டால் வட்டில் இருக்கிற எதையும் யாராலும் மீட்க முடியாது.

விண்டோஸ் 10-இல் இருப்பவர்களுக்கு மட்டும்: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டை இலவசமாக வாங்க மைக்ரோசாஃப்ட் ஐடியும் செட்டிங்ஸ் சிங்க்கும் கேட்கிறது. அதற்கு டெஸ்க்டாப் ஃபோல்டரை ஒன்டிரைவுக்குக் கொடுக்க வேண்டியதில்லை, செட்டிங்ஸ் மட்டும் போதும்.

ஒன்டிரைவை எடுத்துவிட்டோம். ஹார்டு டிஸ்க் செத்தால்?

அதுதான் சரியான கேள்வி. ஒரு டிபி வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி, கன்ட்ரோல் பேனலில் ‘ஃபைல் ஹிஸ்டரி’ ஆன் செய்யுங்கள். பேக்கப் எடுக்கும்போது மட்டும் செருகி, முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால் வைரஸ் வந்தாலும் மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே போகும். பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் ஆகும், வருடக்கணக்கில் சேமிக்க நம்ப முடியாது. பட்டா, சர்டிபிகேட் மாதிரி நூறு எம்பி தேறாத ஃபைல்களை மட்டும், இரண்டு படிச் சரிபார்ப்பு போட்ட ஒரு கணக்கில், பிரவுசர் வழியாக நீங்களே ஏற்றி வையுங்கள். ஹார்டு டிஸ்கை லேப்டாப் பையிலேயே வைக்காமல் வேறு அறையில், முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள்.